கடைசி இருபது அடி

எங்கள் தெருவில் விடியற்காலை குழாயைத் திறந்ததும் முதல் வேலை, ஒரு சொம்பில் தண்ணீரைப் பிடித்து முகர்ந்து பார்ப்பது. டிகாஷன் இறக்குவது, வாசல் தெளிப்பது எல்லாம் அதற்கப்புறம். வாடை இல்லையென்றால் சம்ப்புக்குப் போகும் வால்வைத் திறக்கிறோம். இருந்தால் இறுக மூடிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

"மாமி, உங்காத்து லைன்லயும் நாத்தம் வர்றதா?"

"வர்றதே! அஞ்சு மணிக்கே மூடிட்டேன். மாடியில சொல்லிடு, தெரியாம மோட்டார் போட்டுடப் போறா."

மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய தெரு எங்களுடையது. பாட்டி காலத்து ஓட்டு வீடு இரண்டு மிச்சம் இருக்கிறது. மற்றதெல்லாம் இடித்துக் கட்டிய அடுக்ககங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடிநீர் வரி, கழிவுநீர் வரி கட்டுகிறோம், கட்டணமும் கட்டுகிறோம். இவ்வளவுக்கும் பிறகு, குடிக்கிற தண்ணீரைச் சோதித்துப் பார்க்க எங்களிடம் உள்ள ஒரே கருவி மூக்குதான்.

மூக்குக்கு எட்டுவது பாதிகூட இல்லை. வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் டைஃபாய்டையும் கொண்டுவரும் கிருமிகளுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரில் அவை இருக்கலாம். நாற்றம் அடிக்கிற நாளிலாவது வால்வை மூடுகிறோம். நாற்றம் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாகக் கழிவுநீர் கலந்து வருகிற நாளில் என்ன செய்கிறோம்? குடிக்கிறோம். குழந்தைக்குக் கொடுக்கிறோம். ஒரு வாரம் கழித்துத் தெருவில் நாலு வீட்டில் வயிறு சரியில்லை என்றால், ஓட்டல் சாப்பாடு, வெயில், வைரஸ் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். தண்ணீரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள் என்பதால் அதன் பெயர் கணக்கிலேயே வராது.

புகார் கொடுக்காமல் இல்லை. கொடுத்திருக்கிறோம். போனில், நேரில், கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து. முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சம்ப்பைக் கழுவினீங்களா?" கழுவினோம் என்றால், "உங்க வீட்டு சர்வீஸ் லைன் பழசா இருக்கும், அதை நீங்கதான் மாத்தணும்." மாற்றுகிறோம் என்றால், சாலையை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். புதிதாகத் தார் போட்ட சாலை என்றால் அனுமதி லேசில் கிடைக்காது. மழைக்காலம் வந்துவிட்டால் வெட்டவே முடியாது. அதற்குள் வாடை தானாகவே நின்றுவிடும். "இப்போ சரியா வருதில்ல?" என்று கேட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். ஏன் வந்தது, எங்கே கலந்தது, யார் யார் வீட்டுக்குப் போனது, அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எதற்கும் விடை இருக்காது. அடுத்த மாதம் மறுபடி வரும்.

புகாரைப் பார்க்க வருகிற தொழிலாளிகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களில் ஒரு பெரியவர், தலைமுடியெல்லாம் நரைத்தவர், தெருவில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பதைக் காகிதம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். ஒருமுறை தெருமுனையில் பள்ளம் தோண்டியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, இது டிரெய்னேஜ் லைன். இது குடிதண்ணி லைன். ரெண்டும் ஒரே பள்ளத்துல ஓடுது. தெரு இவ்வளவுதான் அகலம், வேற எங்க போடுவாங்க? மெயின்லேருந்து உங்க வீட்டுக்குப் போற சின்ன பைப்பு, சாக்கடைக்குக் குறுக்கால போகுது. அது துருப்புடிச்சு ஓட்டை விழுந்தா என்னாகும்னு நீங்களே சொல்லுங்க." தோண்டிய பள்ளத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கறுப்புத் தண்ணீர் ஊறி நிறைந்தது. குடிநீர்க் குழாய் அதற்குள் மூழ்கிக் கிடந்தது.

அன்றைக்குப் பார்த்ததை மறக்க முடியவில்லை. ஏனென்றால் விஷயம் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

நம் ஊரில் குடிநீர் இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் இருப்பதில்லை. சில மணி நேரம் விடுவார்கள், பிறகு நிறுத்துவார்கள். விடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்; ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது சுற்றியுள்ள மண்ணில் ஊறி நிற்கும் கழிவுநீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். மறுநாள் விடியற்காலை முதலில் வரும் தண்ணீரில் நாற்றம் அதிகமாக இருப்பது இதனால்தான். இதற்குமேல் அடிபம்பு. சென்னைக்காரர்கள் தலைமுறையாக மெயின் லைனில் மாட்டிய பம்பை அடித்துத்தான் குடம் நிரப்பியிருக்கிறோம். போதாதென்று, சட்டத்துக்குப் புறம்பாக நேரடியாக லைனில் மோட்டார் வைத்து இழுக்கும் வீடுகளும் கடைகளும் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிற மாதிரி அந்த மோட்டார் குழாயை உறிஞ்சுகிறது; உறிஞ்சுகிற வேகத்தில் வெளியே இருக்கும் சாக்கடையும் உள்ளே வருகிறது. தனக்குக் கூடுதலாக இரண்டு குடம் கிடைக்க வேண்டும் என்று மோட்டார் வைக்கிறவர் தெருவுக்கே விஷம் வைக்கிறார். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது இந்தத் தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு பாடுபட்டு இந்தப் பள்ளத்துக்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். என் ஆற்றாமை இரண்டு மடங்காவது அங்கேதான்.

1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வடசென்னையில் ஏழு கிணறு வெட்டினார்கள். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1872-ல், புழல் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. அங்கிருந்து அப்படியே, வடிகட்டாமல், நகரத்துக்குப் போனது. ஊரில் பேதி கண்டு சனங்கள் செத்த காலம் அது. வடிகட்டாமல் கொடுப்பது ஆபத்து என்று புரிந்து, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்புகளும் அமைத்து, சுத்தம் செய்த தண்ணீரைக் குழாயில் விட்டது 1914-ல். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. 1996-ல் கிருஷ்ணா நீர் ஆந்திரத்திலிருந்து எல்லை தாண்டி வந்தது. 2004-ல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து ராட்சதக் குழாயில் கொண்டுவந்தார்கள். 2007-ல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் நிலையம் வந்தது. 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். தலா 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இன்னும் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை. அதற்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய்.

நெம்மேலி முதல் ஆலைத் தண்ணீர்தான் திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கங்களுக்கு வருகிறது. கடலிலிருந்து இழுத்து, உப்பையும் கிருமியையும் நுண்சவ்வில் தடுத்து, மின்சாரத்தைக் கொட்டி, துளித்துளியாகப் பிழிந்து எடுத்த தண்ணீர். ஆலையிலிருந்து வெளியே வரும்போது அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. குளோரினும் சேர்த்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட தண்ணீர் அவ்வளவு தூரம் பத்திரமாக வந்து, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, மெயின் குழாயிலிருந்து வீட்டு சம்ப்புக்குப் போகும் கடைசி இருபது அடியில் சாக்கடையோடு கலக்கிறது. அத்தனை செலவையும் அந்த இருபது அடி தின்றுவிடுகிறது. இதைவிட வயிறு எரிய வைக்கிற விஷயம் எனக்குத் தெரியவில்லை.

1978-லிருந்து குடிநீர், கழிவுநீர் இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியம் என்ற ஒரே வாரியத்தின் கையில் இருக்கிறது. அதனால் சாக்கடைக் குழாய் வேறொருவர் பொறுப்பு என்று யாரும் சொல்ல வழியில்லை. ஆனால் சாலை மாநகராட்சியுடையது. மழைநீர் வடிகாலும் அவர்களுடையது. மின்கேபிள் ஒருவருக்கு, இன்டர்நெட் கேபிள் இன்னொருவருக்கு. இப்போது லஸ், திருமயிலை, மந்தைவெளி, அடையாறு என்று பூமிக்கடியில் மெட்ரோ ரயில் வேலையும் நடக்கிறது. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரட்டும், நல்லது. ஆனால் ஒவ்வொருவரும் தோண்டும்போது அடியில் போகும் குடிநீர்க் குழாயில் அடிபடுகிறது. சில சமயம் தெரிகிறது, தண்ணீர் பீறிட்டு அடிக்கும். பல சமயம் தெரிவதில்லை. சின்ன விரிசல், மண் மூடிவிடும், தார் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து நாங்கள் சொம்பில் பிடித்து முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்போம்.

இது மயிலாப்பூரோடு நிற்கும் கதையாக இருந்தால், பழைய ஊர், குறுகிய தெரு என்று சமாதானம் சொல்லலாம். தி.நகரைப் பாருங்கள். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, அகலமான தெருக்களும் பூங்காவுமாகத் திட்டம் போட்டு அமைத்த பேட்டை அது. தோட்டத்தோடு தனி வீடு, வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் வந்த தெருக்கள். அந்த மனைகளில் இன்று ஏழு மாடி ஜவுளிக்கடையும் நகைக்கடையும் நிற்கின்றன. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் வந்து போகிற கூட்டத்தின் கழிவெல்லாம் எந்தக் குழாயில் போகும்? சாக்கடை நிரம்பி மேன்ஹோல் மூடி வழியாகப் பொங்குகிறது. மேலே பொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அடியில் கசிவது பக்கத்துக் குடிநீர்க் குழாயைத் தேடிப் போகிறது. அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகரிலும் இதேதான்: ஒரு வீடு இருந்த மனையில் எட்டு வீடு, பத்து வீடு. கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அடியில் போகும் குழாயின் வயதை யாராவது கேட்கிறார்களா?

2019-ஐ நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஏரிகள் வறண்டு, ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அதே வருஷம் நவம்பரில் வந்த இன்னொரு செய்தியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? இந்தியத் தர நிர்ணய அமைப்பு 21 நகரங்களில் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்து, முடிவை மத்திய அரசு வெளியிட்டது. மும்பையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறின. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. கலங்கல், வாடை, கடினத்தன்மை, குளோரைடு, அம்மோனியா, கோலிஃபார்ம் என்று தவறிய பட்டியல் நீண்டது. அம்மோனியாவும் கோலிஃபார்மும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது எதனோடு கலந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இரண்டு நாள் பேசினோம். பிறகு மழை பெய்தது, ஏரி நிரம்பியது, மறந்துவிட்டோம்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் நம் கவலை முழுவதும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய் கண்டிகை: ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11.757 டி.எம்.சி. என்று தசமப் புள்ளியோடு ஊருக்கே தெரியும். இன்றைக்கு எத்தனை அடி, போன வருஷம் இதே நாளில் எத்தனை அடி என்று நாளிதழில் தினமும் வருகிறது. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் இன்றைக்குக் குளோரின் எவ்வளவு இருந்தது என்று ஒரு நாளாவது எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் குளோரின் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி, கடைசி வீட்டுக் குழாய் வரை ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வழியில் ஏதாவது கிருமி புகுந்தால் கொல்வதற்காக விட்டுவைக்கிற காவல் அது. கழிவுநீர் கலந்தால் அதோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துபோகும். ஆகவே கடைசிக் குழாயில் குளோரின் இல்லையென்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். சோதிக்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் இரண்டு சொட்டு மருந்தும் போதும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, வரவில்லையென்றால் இல்லை. ஒரு நிமிட வேலை. மாதிரி எடுப்பவர்கள் எடுக்கத்தான் செய்கிறார்கள், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கிருமிச் சோதனை செய்யவும் வசதி இருக்கிறது. சோதிக்கிற நாட்டில்தான் இருக்கிறோம். சோதித்த முடிவு குடிக்கிறவனிடம் வந்து சேராத நாட்டிலும் இருக்கிறோம். 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்று தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்ததா இல்லையா என்று எங்களிடம் சொல்ல வேண்டாமா?

சொல்லாததால் அந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கையில் பேனா மாதிரி ஒரு மீட்டரோடு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர், நம் குழாய்த் தண்ணீரில் அதை முக்கி, "டி.டி.எஸ். 600 காட்டுது பாருங்க சார், இதையா குடிக்கிறீங்க?" என்று பயமுறுத்துகிறார். டி.டி.எஸ். என்பது கரைந்த உப்புகளின் அளவு. 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம். அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரில் 300 காட்டலாம், நல்ல கிணற்றுத் தண்ணீரில் 900 காட்டலாம். இன்னொருவர் தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சி, அது பழுப்பாகத் திரள்வதைக் காட்டி, இதுதான் உங்கள் வயிற்றுக்குள் போகிறது என்கிறார். அந்தப் பழுப்பு அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பியே கரைந்து வந்த துரு. நல்ல தண்ணீரிலும் வரும். படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், வயதான தம்பதிகள் இதைப் பார்த்து மிரண்டு இருபதாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான கணக்கைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தால் பொய்க் கணக்குக்கு யாரும் மயங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த மெஷின் சுத்தம் செய்து கொடுப்பதைவிட அதிகமாகத் தண்ணீரைக் கழித்துக் கொட்டுகிறது. ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊரில், வீட்டுக்கு வீடு, நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெஷின் இல்லாத வீட்டில் கேன். காலையில் எங்கள் தெருவில் பால் வண்டிக்கு அடுத்தபடி வருவது கேன் வண்டிதான். இருபது லிட்டர் கேனை மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும் பையன்களைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. கேன் வெயிலில் எத்தனை நாள் நின்றது, எத்தனை முறை கழுவினார்கள், மேலே ஒட்டியிருக்கும் சீலுக்குள் இருப்பது எந்த ஊர்க் கிணறு, ஒன்றும் தெரியாது. 2024 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அடைத்து விற்கும் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதையும் நம்பித்தான் குடிக்கிறோம்.

இது எல்லாம் முடிகிறவர்களுக்கு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா பட்டினப்பாக்கத்தில் குடியிருக்கிறார். அவர் வேலை முடித்துப் போகும்போது இரண்டு பாட்டிலில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவார். "பேரனுக்கு மட்டும்மா. நாங்க அங்க வர்றதையே குடிச்சுக்குவோம்" என்றார். அவர்கள் தெருவில் பிளாஸ்டிக் டேங்க்கில் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும். அது வராத நாள் அடிபம்பு. கேன் ஒன்று நாற்பது ரூபாய் என்றால், ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் எத்தனை கேன், எவ்வளவு ரூபாய் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்திரம் தேய்த்து வாழும் வீட்டில் அதை எங்கிருந்து எடுப்பார்கள்? காய்ச்சிக் குடியுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கேஸ் விற்கிற விலையில் குடிநீரைத் தினமும் கொதிக்கவிட அவர்களால் முடியுமா? நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும், கால்வாய்க் கரையோரக் குடியிருப்புகளிலும் குழாயில் வருவதுதான் குடிநீர். வாடை அடித்தாலும் அதுதான்.

2024 டிசம்பரில் பல்லாவரம் மலைமேடு பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வரிசையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர்களும் போயின. சாக்கடை கலந்த தண்ணீர்தான் காரணம் என்று தெரு மக்கள் கதறினார்கள். தண்ணீர் காரணமில்லை என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அந்தப் பகுதி சென்னை வாரியத்தின் கீழ் வருவதில்லை, தாம்பரம் மாநகராட்சி. ஆனால் பதில் எல்லா இடத்திலும் ஒரே அச்சில் வருகிறது. முதலில் மறுப்பு, பிறகு மாதிரி எடுத்திருக்கிறோம், பிறகு லாரியில் தண்ணீர், பிறகு பிளீச்சிங் பவுடர். ஒவ்வொரு வாரமும் கடைசிக் குழாயில் எடுத்த சோதனை முடிவு தெருவில் ஒட்டப்பட்டிருந்தால், யார் சொல்வது உண்மை என்று சண்டை போட வேண்டியதே இருந்திருக்காது. உயிர் போவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நடக்காததை நான் கேட்கவில்லை. ஒடிசாவில் புரி இருக்கிறது. ஜகந்நாதர் கோயிலும் தேரோட்டமும் யாத்திரிகர் கூட்டமுமாக, நம் மாட வீதிகளைப் போலவே நெருக்கமான பழைய ஊர். அங்கே 2021 ஜூலையிலிருந்து இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்துக் கொடுக்கிறது. எந்நேரமும் அழுத்தம் இருப்பதால் வெளி அழுக்கு உள்ளே வர வழியில்லை, அதுதான் அடிப்படை. அதோடு அந்த மாநிலத்தில் சுய உதவிக் குழுப் பெண்களை 'ஜல்சாத்தி' என்று நியமித்திருக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், குழாயில் தண்ணீரைப் பிடித்து அங்கேயே சோதித்துக் காட்டுகிறார்கள். நம் ஊரில் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பஞ்சமா? மெரினா ஓரத்துக் குப்பத்திலிருந்து மந்தைவெளி வரை தெருவுக்கு ஒரு குழு இருக்கிறது. கையில் ஒரு சோதனைப் பெட்டியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் சோதித்து, முடிவைத் தெருமுனையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். குளோரின் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா: இரண்டே வரி. வாடை வருகிறது என்று ஒரு தெருவில் மூன்று வீட்டிலிருந்து புகார் வந்தால் அன்றைக்கே அந்தத் தெருவுக்குக் குடிக்க வேண்டாம் என்று அறிவிப்புக் கொடுங்கள். செல்போனில் ஓட்டுக் கேட்டுச் செய்தி அனுப்ப முடிகிறது, இதற்கு முடியாதா?

குழாயைப் பற்றியும் ஒரு முடிவு வேண்டும். மெயினிலிருந்து வீட்டுக்குள் போகும் அந்த இருபது அடியை வீட்டுக்காரர் தலையில் கட்டியது போதும். தெருவில் குடிநீர் மெயின் மாற்றும்போதே எல்லா வீட்டு இணைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், சாக்கடைக் குழாயைவிட்டு விலக்கிப் போட வேண்டும். செலவில் எங்கள் பங்கைக் கட்டணத்தோடு தவணையில் வாங்கிக்கொள்ளட்டும், கட்டுகிறோம். தனித்தனியாக ஒவ்வொரு வீடும் அனுமதி வாங்கிச் சாலையை வெட்டி ஒட்டுப் போடுவதால், இன்று என் குழாய் சரியானால் நாளை எதிர் வீட்டுக் குழாய் வழியாகச் சாக்கடை மெயினுக்குள் வரும். மெயின் எல்லோருக்கும் ஒன்றுதானே.

நாமும் சிலதைச் செய்தாக வேண்டும். லைனில் மோட்டார் வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். சம்ப்புக்குப் பக்கத்திலேயே டிரெய்னேஜ் சேம்பர் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். பழைய அடுக்ககங்களில் இது நிறைய இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விடியற்காலை முதல் தண்ணீரைச் சம்ப்புக்குள் விடாமல் கொஞ்ச நேரம் வெளியே பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. எங்கள் தெருவில் முன்பெல்லாம் தண்ணீரில் வாடை வந்தால் பத்து பேர் சேர்ந்து அலுவலகத்துக்குப் போவோம். வக்கீல் ஒருவர், வங்கியில் இருந்த மாமா ஒருவர், பத்திரிகையில் வேலை பார்த்தவர் ஒருவர் என்று பேசத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்பார்கள். அன்றைக்கே ஆள் வரும். இப்போது அவர்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, கேன் வருகிறது. குழாய்த் தண்ணீர் குளிக்கவும் துணி துவைக்கவும்தான். நாறினால் முகம் சுளித்துவிட்டு வால்வை மூடிவிடுகிறார்கள். குரல் உள்ளவர்கள் குழாயை விட்டு விலகிவிட்டார்கள். குழாயையே நம்பியிருப்பவர்கள் போய்க் கேட்டால் காத்திருக்க வைக்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை அவர்கள் போவார்கள்? புகார் குறைந்துவிட்டது, ஆகவே பிரச்சினை குறைந்துவிட்டது என்று கோப்பில் எழுதப்படுகிறது.

ஆகவே மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் கேன் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குழாயில் வாடை வந்தால், நீங்கள் அதைக் குடிப்பதில்லை என்றாலும், குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், முடிவை எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். உங்கள் தெரு மெயினிலிருந்துதான் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.